முன்வாசலுக்கு ஒருவர், பின்வாசலுக்கு ஒருவர்

1

இந்தக் கதை என் கடைக் கவுண்டரில் கிடைத்தது. அதை ஒளிப்பானேன்? மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவில், பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், அச்சுக்கடை வைத்திருக்கிறேன். என் பெயர் தவமலர். கல்யாணக் கார்டு, காதுகுத்துக் கார்டு, கருமாதிக் கார்டு எல்லாம் அடிப்பேன். ஆள் இல்லாத நேரத்தில் கதை எழுதுவேன். ஆள் வந்தால் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவேன். என் கதைகளில் வாக்கியங்கள் அந்தரத்தில் தொங்குவதற்கு இதுதான் காரணம். இலக்கியக் காரணம் ஒன்றும் கிடையாது.

ஒரு சனிக்கிழமை, கல்யாணப் பெண்ணே கார்டு வாங்க வந்தாள். கார்டுக் கட்டைக் கையில் வாங்கிக்கொண்டே போனில் யாரிடமோ சொன்னாள்: “பெரிய மாமாவுக்கு அப்பா கார்டு வைக்கட்டும், சின்ன மாமாவுக்கு மாமனார் வைக்கட்டும். வேல முடிஞ்சிதுலா!” சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் யார், கல்யாணம் நடந்ததா, எனக்குத் தெரியாது.

ஆனால் அதே நேரம் என் போட்டோஸ்டாட் மெஷினில், மாடியிலிருக்கும் டியூஷன் சென்டருக்காக, படிவம் இரண்டு வகுப்புக் கணிதத் தாள் ஓடிக்கொண்டிருந்தது. முதல் கேள்வி: (x + 2)(x + 3). காகிதம் சூடாக வெளியே வந்து விழுந்தது. அந்தப் பெண் சொன்னதும் இந்தக் கேள்வியும் என் தலைக்குள் முட்டிக்கொண்டன பாருங்கள், எனக்குச் சிலிர்த்துவிட்டது! “அடிப் பாவி, பாதியைத்தானே பெருக்கியிருக்கிறாய்!” என்று வெறும் கடையில் கத்தினேன்.

இனி வருவதெல்லாம் நான் கட்டுவது. அந்தப் பெண்ணுக்குக் கங்கா என்று பெயர் வைக்கிறேன்.

2

தொடக்கங்கள். மூன்று எழுதினேன்.

முதல் தொடக்கம்: “மூடுபனி தேயிலைச் சரிவுகளின் மேல் மெல்ல இறங்கி—”

வேண்டாம். கேமரன் மலையைப் பற்றி யார் எழுதினாலும் முதல் வரியில் மூடுபனி இறங்கிவிடுகிறது. எங்களுக்கு மூடுபனி என்றால் துணி காயாது. அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்: “அமிர்தலிங்கத்தின் மனைவி வடிவம்மாள் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது, கூடத்தில் கல்யாணப் பேச்சு—”

சுமார். டம்ளர் கழுவுவதில் கதை எங்கே நகரப் போகிறது? அடித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: “அடைப்புக்குறி என்பது ஒரு வீடு.”

இது! இதை வைத்துக்கொள்கிறேன். கணக்கு என்றாலே உங்களுக்கு ஆகாது என்றால் ஒரே ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள், சத்தியமாக சுலபம்.

அடைப்புக்குறி ஒரு வீடு. 3(x + 5) என்றால், வீட்டுக்குள் இரண்டு பேர், வெளியே மூன்று என்று ஒரு விருந்தாளி. விருந்தாளி உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் கைகொடுக்க வேண்டும். x-க்கும் கொடுக்க வேண்டும், ஐந்துக்கும் கொடுக்க வேண்டும். விடை 3x + 15. வாசலில் நின்ற x-க்கு மட்டும் கைகொடுத்துவிட்டு 3x + 5 என்று எழுதினால், உள்ளே உட்கார்ந்திருக்கும் ஐந்து கோபித்துக்கொள்ளும். இதற்குப் பங்கீட்டுப் பண்பு என்று பெயர்.

இரண்டு பக்கமும் வீடுகளாக இருந்தால்? (x + 2)(x + 3). இந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கைகொடுக்க வேண்டும். x² + 3x + 2x + 6. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? முன்னால் நிற்கும் இரண்டு பேரைப் பெருக்கி x², பின்னால் நிற்கும் இரண்டு பேரைப் பெருக்கி 6. விடை x² + 6 என்று எழுதிவிட்டு வெளியே விளையாடப் போய்விடுகிறார்கள். குறுக்கே போக வேண்டிய இரண்டு பேர் போகவே இல்லை.

[கடைக்கு ஆள் வந்துவிட்டார். லேமினேட்டிங். இதோ வருகிறேன்.]

3

வந்துவிட்டேன். ஆட்களை அறிமுகப்படுத்துகிறேன்.

கங்கா, நம் கடை மாடியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். ஆமாம், வேண்டுமென்றேதான் அவளைக் கணக்கு டீச்சராக்கினேன். தப்பு செய்யப் போகிறவள் கணக்கு டீச்சராக இருந்தால்தானே எனக்குச் சுவை! அவள் அப்பா அமிர்தலிங்கம் லெம்பா பெர்த்தாமில் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே சாமந்தி போடுகிறார். மாப்பிள்ளை ராய்ஸ்டன் கோலா தெர்லாவில் காய்கறி ஏற்றுகிறவன். அவன் அப்பா ஹரோல்ட். காலையில் கோயில், மாலையில் சர்ச் என்று இரண்டு வீடும் சேர்ந்து முடிவு செய்தாகிவிட்டது. மதத்தில் ஒரு சண்டையும் இல்லை. “இந்து–கிறிஸ்துவக் கல்யாணம் என்றதும் சண்டையை எதிர்பார்த்தேன்” என்று சொல்கிறவர்கள் வேறு கதைக்குப் போகலாம்.

எதிர்ப்பக்கத்து அடைப்பில் கங்காவின் தாய்மாமன்கள். மூத்தவர் சாமிநாதன், இளையவர் ராமையா. இருவரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை, தோட்டத்து வரிசை வீடான லயனில் ஒரே வீட்டில் குடித்தனம். ஒரு கூரை, இரண்டு அடுப்பு. முன்வாசல் அண்ணனுக்கு, பின்வாசல் தம்பிக்கு. இதைப் பிரிவு என்று சொல்ல முடியாது, சேர்ந்திருப்பது என்றும் சொல்ல முடியாது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் புரியும்.

எது போனாலும் பரவாயில்லை, இந்த இரண்டு மாமன்களும் வர வேண்டும். ஏனென்றால் மணப்பெண்ணுக்கு மாலை போட்டு, கைப்பிடித்து மணவறைக்கு அழைத்துவருவது தாய்மாமன். அதுவும் கங்காவுக்கு இது வெறும் சடங்கு இல்லை. பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டது பெரிய மாமா, திரும்ப ஏற்றிவந்தது சின்ன மாமா. “எனக்கு ரெண்டு கை இருக்கு. ரெண்டு மாமாவும் ஆளுக்கொரு கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போவணும். இல்லன்னா நான் மணையில உக்கார மாட்டேன்” என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

4

கார்டு வைக்கும் நாள்.

எங்கள் பக்கம் நெருங்கிய சொந்தத்துக்குக் கார்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது தகவல், அழைப்பு இல்லை. நேரில் போக வேண்டும். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், கற்கண்டு, மேலே கார்டு. நீட்ட வேண்டும். வாங்குகிறவர் கார்டோடு ஒரு வெற்றிலையையும் எடுத்துக்கொண்டால், வருகிறார் என்று அர்த்தம். கார்டை மட்டும் எடுத்து வெற்றிலையைத் தட்டிலேயே விட்டால், பேச்சு இன்னும் பாக்கி இருக்கிறது.

ராய்ஸ்டனின் பழைய லேண்ட் ரோவரில் புறப்பட்டார்கள். முன்னால் ராய்ஸ்டன், இரண்டு சம்பந்திகள். பின்னால் காய்கறிக் கூடைகள் போக மிச்சமிருந்த பலகையில் கங்கா, பக்கத்தில் தாம்பாளம். வளைவில் தட்டு சரிந்துவிடும் என்று அதற்கும் ஓர் இடம். வடிவம்மாள் தட்டை முந்தானையால் துடைத்து ஏற்றிக் கொடுத்தாள். வண்டி கிளம்பியது.

பள்ளி விடுமுறை. ஸ்ட்ராபெரி பார்க்க வந்த கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போதே மழை தூற ஆரம்பித்துவிட்டது. இன்னும் எத்தனையோ வீடு பாக்கி. கங்கா வண்டியிலிருந்து குதித்து உத்தரவு போட்டாள்.

“அப்பா, நீங்க முன்னால போய் பெரிய மாமாகிட்ட வைங்க. ஹரோல்ட் மாமா, நீங்க பின்னால போய் சின்ன மாமாகிட்ட வைங்க. ஒரே நேரத்துல ரெண்டும் முடிஞ்சிரும்.”

“நல்ல ஐடியா லா!” என்றார் ஹரோல்ட். “மருமவன்னா கணக்கு டீச்சராத்தான் இருக்கணும்.”

“மருமவ, அப்பா. மருமவன் நானு” என்றான் ராய்ஸ்டன்.

சிரித்துக்கொண்டே தட்டில் இருந்ததைப் பங்கிட்டுக்கொண்டு ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். வெற்றிலையை எடுத்தார்களா என்று பார்க்காமல், டீ கூடக் குடிக்காமல் திரும்பி வந்தார்கள். கங்காவுக்கு ஒரே குஷி.

அன்று மாலையே போன் வந்தது. முதலில் சாமிநாதன்: “மாப்ள, ஒங்க கையால வச்சீங்க, சந்தோசம். மாப்பிள்ள வீட்டுக்காரரு என் வாசல்ல கால் வைக்கல. பின்னால மட்டும் போயிட்டுப் போறாரு. மூத்தவன் நான் அவருக்குக் கண்ணுல படலயா? நான் வரல.”

பிறகு ராமையா: “மச்சான், மொதமொத பாக்குற சம்பந்தி எனக்கு வைக்கிறாரு. சொந்த மச்சான் நீங்க முன்வாசலோட போயிட்டீங்க. நான் என்ன மூணாவது மனுசனா? எனக்கு வர இஷ்டமில்ல.”

அமிர்தலிங்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். வடிவம்மாள் அவருக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். கங்கா அழுதுவிட்டாள்.

5

இந்தப் பகுதியை எழுதத்தான் நான் இவ்வளவு தூரம் ஓடி வந்தேன்!

மறுநாள் கங்கா மாடியில் விடைத்தாள் திருத்துகிறாள். மனசு ஒரு பக்கம், சிவப்புப் பேனா ஒரு பக்கம். x² + 6. தப்பு. அடுத்த தாள், x² + 6. தப்பு. அடுத்ததும் அதே. “குறுக்குப் பெருக்கல் எங்கே?” என்று ஓரத்தில் எழுதப் போனவள்—

—பேனாவைப் போட்டுவிட்டுப் படியில் தடதடவென்று இறங்கி என் கடைக்குள் பாய்ந்தாள்.

(கல்யாணம் நின்றுவிடுமோ என்று தவிக்கிறவளுக்குக் கணக்கு ஞாபகம் வருமா? வராது என்று நீங்கள் சொல்லலாம். நானும் ஒரு நாள் முழுக்கச் சந்தேகப்பட்டேன். பிறகு, என் வீட்டுச் சாவில்கூட நான் கருமாதிக் கார்டின் எழுத்துப் பிழையைத்தானே பார்த்துக்கொண்டு நின்றேன் என்று நினைத்துக்கொண்டேன். அவரவர் தொழில் அவரவரை விடாது.)

“அக்கா! நான் x ஸ்கொயர் கூட்டல் ஆறு பண்ணிட்டேன்கா!”

“என்னாடி சொல்ற?”

“அப்பா–பெரிய மாமா, ஒண்ணு. ஹரோல்ட் மாமா–சின்ன மாமா, ஒண்ணு. குறுக்க யாருமே போவலக்கா! அப்பா சின்ன மாமாகிட்டப் போவணும், ஹரோல்ட் மாமா பெரிய மாமாகிட்டப் போவணும். பிள்ளைங்க காதத் திருகுறேன், நானே அதே தப்பப் பண்ணியிருக்கேன்! ஐயோ, எவ்வளவு லேசா இருக்கு பாருங்க!”

அவள் குதித்தாள். நானும் குதித்தேன். போட்டோஸ்டாட்டுக்கு வந்து நின்ற போலீஸ்காரர் ஒருவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். எழுதுகிறவள் தன் பாத்திரத்தோடு சேர்ந்து குதிப்பது கௌரவம் இல்லைதான். என்ன செய்ய, சந்தோஷம்.

6

இரண்டாம் முறை, ஆளுக்கொரு தட்டோடு போனார்கள். அமிர்தலிங்கம் பின்வாசலுக்குப் போய்த் தாம்பாளத்தை நீட்டினார். “ராமையா, தப்பு எம்மேலதான். மனசுல வச்சுக்காத.” ஹரோல்ட் முன்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், “சாமிநாதன், மன்னிச்சிக்கங்க. எங்க பக்கம் இந்த வழக்கம் கொஞ்சம் மறந்துபோச்சு. ஆனா மனசுல கொறை இல்ல” என்றார். அழகாகப் பேசினார். நானே எழுதியது, இருந்தாலும் அழகாகப் பேசினார்.

நான்கு உறுப்பும் வந்தாகிவிட்டது. கதை முடியப் போகிறது என்று நான் கடை ஷட்டரை இழுக்கக் கிளம்பிவிட்டேன். கடைசி வரியும் தயாராக இருந்தது: “இரண்டு மாமன்களும் ஒரே சமயத்தில் வெற்றிலையை எடுத்து—”

எடுக்கவில்லை.

சாமிநாதன் கார்டை எடுத்துக்கொண்டார். “சரி, வச்சிட்டீங்க. பாக்கலாம்” என்றார். ராமையாவும் கார்டை எடுத்துக்கொண்டார். “பாக்கலாம் மச்சான்” என்றார். இரண்டு தட்டிலும் வெற்றிலை அப்படியே கிடந்தது.

நான் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். “சாமிநாதன் வெற்றிலையை எடுத்தார்” என்று எழுதினால் அந்த வாக்கியம் பொய்யாக நிற்கிறது. நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பொய்.

7

கங்கா மறுபடியும் கடைக்கு வந்தாள். இந்தத் தடவை குதிக்கவில்லை. கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது.

“அக்கா, பெருக்கினது சரியாத்தான இருக்கு? விடை ஏன் தப்பா வருது?”

“பெருக்கினது சரின்னா, கேள்விய எடுத்து எழுதினதுல தப்பு” என்றேன். வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

கேள்வியை எடுத்து எழுதியது யார்? நான்!

இந்தக் கதையை முதலிலிருந்து படித்தேன். தயவுசெய்து நீங்களும் ஒருமுறை திரும்பிப் போய்ப் பாருங்கள். இரண்டாம் பகுதியில், நான் அடித்துப்போட்ட தொடக்கத்தில், டம்ளர் கழுவிக்கொண்டிருந்தது யார்? நான்காம் பகுதியில் தாம்பாளத்தைத் துடைத்து வண்டியில் ஏற்றியது யார்? அமிர்தலிங்கத்துக்கு டீ கொண்டுவந்து வைத்தது யார்? மூன்றாம் பகுதியில் ஆட்களை அறிமுகம் செய்தேனே, அதில் அவள் பெயர் இருக்கிறதா? இல்லை! தாய்மாமன், தாய்மாமன் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லின் முதல் பாதியில் இருக்கும் தாயை விட்டுவிட்டேன்.

சாமிநாதனுக்குத் தங்கச்சி. ராமையாவுக்கு அக்கா. அவள் ஒருத்தியால்தான் அந்த இருவரும் மாமன்கள். அவளை யாரும் வண்டியில் ஏற்றவே இல்லை. ஏற்ற இடம் இல்லையாம். தாம்பாளத்துக்கு இடம் இருந்தது!

(x + 2)(x + 3) இல்லை, முதல் அடைப்பில் மூன்று பேர்:

(அமிர்தலிங்கம் + வடிவம்மாள் + ஹரோல்ட்)(சாமிநாதன் + ராமையா)

“அடியே கங்கா, ஒங்கம்மாடி!” என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள், அடுத்த நொடி கடையில் இல்லை. மலை ரோட்டில் அவள் எப்படி ஓட்டிக்கொண்டு போனாள் என்று நான் எழுதப் போவதில்லை, அவள் அப்பா படித்தால் சாவியைப் பிடுங்கிவிடுவார்.

8

வடிவம்மாள் பேசும் முதல் காட்சி.

கங்கா போய் நின்றபோது அவள் சாமந்திக் கட்டுகளுக்குத் தாள் சுற்றிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, கையில் இருந்த கட்டை முழுக்கச் சுற்றி முடித்து, அப்புறம் நிமிர்ந்தாள்.

“எங்கண்ணனும் தம்பியும் போன்ல என்னா சொன்னாங்கன்னு ஒங்கப்பா வந்து எங்கிட்டச் சொன்னாரு. அவங்க ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு யாராச்சும் எங்கிட்டக் கேட்டீங்களா?”

“இல்லம்மா.”

“ரெண்டு பேருக்கும் ஆயிரம் இருக்கும் அவங்களுக்குள்ள. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம ரெண்டும் ஒரு கல்யாணத்துக்குப் போவாது. நான் வருவேன்னு வாசல்ல பாத்துக்கிட்டு நின்னிருப்பாங்க. வண்டியில தட்டு எறங்குது, நான் எறங்கல.”

“நீங்களாச்சும் சொல்லியிருக்கலாம்லம்மா?”

“நீங்க கூப்புடுவீங்கன்னு இருந்தேன். நானும் அவங்க கூடப் பொறந்தவதான, அந்த ரோசம் எனக்கும் இருக்காதா?”

கங்கா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கட்டிக்கொண்டதில் சாமந்தி நசுங்கியது. “பூ, பூ!” என்று வடிவம்மாள் தள்ளிவிட்டாள், தள்ளிவிட்டு அவளும் அழுதாள். எனக்கும் இங்கே கண் கலங்கிவிட்டது. இருக்கட்டும்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் புதுசு. வடிவம்மாள் புடவை மாற்றிக்கொண்டு, நேரே கதைப் பக்கத்தைத் தாண்டி, என் கடைக்கு வந்துவிட்டாள். கவுண்டரில் கையூன்றி நின்றாள்.

“நீதான எழுதுற?”

“ஆமா அக்கா.”

“நான் அவங்ககிட்டப் பேசறதையும் எழுதிருவியா?”

“அதுதான் அக்கா முடிவு. வாசிக்கிறவங்க அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்காங்க.”

“எங்கண்ணங்கிட்டயும் தம்பிகிட்டயும் நான் பேசறது கல்யாணக் கார்டா, நீ அச்சடிச்சி ஊருக்கெல்லாம் குடுக்க? நீ வண்டியிலயே உக்காரு. உள்ள வரக்கூடாது.”

இதுவரை இவளுக்கு ஒரு வாக்கியம் கொடுக்காதவள் நான். என்னிடம் வாதாட முகம் ஏது? “சரி அக்கா” என்றேன்.

9

மூன்றாம் முறை. முன்னால் ராய்ஸ்டன், பக்கத்தில் வடிவம்மாள், தாம்பாளம் அவள் மடியில். பின்னால் பலகையில் கங்காவும், கூடைகளுக்கு நடுவே நானும். சம்பந்திகள் இருவரும் வீட்டில் டம்ளர் கழுவுகிறார்கள். (இது என் பழிவாங்கல். கண்டுகொள்ளாதீர்கள்.)

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

(அ) இரண்டு மாமன்களும் ஓடிவந்து கூடப் பிறந்தவள் கையைப் பிடித்துக்கொண்டு— வேண்டாம். அவ்வளவு லேசில் கரைகிறவர்கள் என்றால் முன்வாசல் பின்வாசல் எதற்கு?

(ஆ) ஒருவர் வெற்றிலை எடுக்கிறார், ஒருவர் எடுக்கவில்லை. கங்காவின் ஒரு கை மட்டும் சும்மா தொங்குகிறது. எழுதினேன். இதையும் கிழித்துவிட்டேன் என்று சொல்ல ஆசை, ஆனால் கிழிக்கவில்லை, மடித்து வைத்திருக்கிறேன். இப்படியும் நடக்கலாம்.

(இ) வடிவம்மாள்—

வண்டி நின்றது. மழை இல்லை. வடிவம்மாள் தட்டோடு இறங்கினாள். முன்வாசலுக்குப் போவாளா, பின்வாசலுக்குப் போவாளா என்று நாங்கள் மூன்று பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தோம். அவள் இரண்டுக்கும் போகவில்லை. முற்றத்தின் நடுவில் நின்றாள். “அண்ணே! டேய் ராமையா!” என்று ஒரே மூச்சில் கூப்பிட்டாள்.

முன்கதவு திறந்தது. பின்கதவு திறக்கும் சத்தமும் கேட்டது. சாமிநாதன் படியில் வந்து நின்றார். ராமையா வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து மூலையில் நின்றார். அண்ணனும் தம்பியும் ஒரே பக்கத்தில் நின்று நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“உள்ள வா” என்றார் சாமிநாதன். “எங்கிட்டு, எந்த வாசலுக்கு வர?” என்றார் ராமையா.

வடிவம்மாள் சொன்ன பதில் என் காதில் விழுந்தது. எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். மூன்று பேரும் உள்ளே போனார்கள், கதவு சாத்திக்கொண்டது.

ராய்ஸ்டன் ஸ்டியரிங்கில் தாளம் போடுகிறான். கங்கா தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்க்கிறாள். “அக்கா, ஏதாச்சும் எழுதுங்களேன்” என்கிறாள். என்னால் முடியாதடி. நான் உள்ளே இல்லை.

ஆனால் வாசிக்கிறவரே, உங்களிடம் அவள் எந்தச் சத்தியமும் வாங்கவில்லை. கதவு தாழிடப்படவில்லை, நான் பார்த்தேன். போங்கள். உள்ளே இரண்டு அடுப்பிலும் டீ கொதிக்கும், இரண்டு வீட்டு டீயையும் குடியுங்கள். தட்டில் வெற்றிலை இருக்கிறதா என்று பார்த்து நீங்களே எழுதுங்கள். கங்கா காத்திருக்கிறாள்.

(வடிவம்மாள்)(சாமிநாதன் + ராமையா) =